நாலு டயரும் ஒரு ஸ்டெப்னியும்

நம் ஊர்ச் சாலைகளில் பிரயாணம் செய்கிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். சாலையோரத்தில் ஒரு புளிய மரம். அதன் கிளையிலே ஒரு பழைய டயர் தொங்கும். டயரின் மேல் சுண்ணாம்பால் 'பஞ்சர்' என்று எழுதியிருக்கும். கொஞ்சம் வசதியான கடையாயிருந்தால் தகரப் பலகையில் 'வல்கனைசிங்' என்று பெரிய வார்த்தையாகவே போட்டிருப்பார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நான் அறுபது வயது வரையில் யோசித்ததில்லை. உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட ஒரு மரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார நேர்ந்த பிறகுதான் யோசித்தேன்.

அது 2019ஆம் வருஷத்துச் சித்திரை மாதம். நான், என் மனைவி, ஆறு வயதுப் பேத்தி மூவரும் சென்னையிலிருந்து மதுரைக்குப் போய்க் கொண்டிருந்தோம். பகல் பன்னிரண்டு மணி. சாலை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. நான்தான் ஓட்டினேன். திடீரென்று பின்பக்கத்தில் யாரோ முரசு அறைவதுபோல் ஒரு சத்தம். அடுத்த விநாடி 'படார்!' வண்டி என் பேச்சைக் கேட்க மறுத்தது. சாலையின் நடுவே வளர்த்திருக்கும் அரளிச் செடிகளை நோக்கிப் போயிற்று. அங்கே ஒரு முறை அரைவட்டம் சுற்றிற்று. நாங்கள் வந்த திசையைப் பார்த்தபடி நின்றது. பின்னால் ஒரு லாரி வந்து கொண்டிருந்தது. அந்த லாரி டிரைவர் யாரோ எனக்குத் தெரியாது. அவர் பிரேக்கை மிதித்த நேரத்தில் அரை விநாடி தாமதம் நேர்ந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

பேத்தி அழவில்லை. "தாத்தா, இன்னொரு தடவை சுத்துங்க" என்றாள். என் மனைவி மட்டும் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

மரத்தடிக் கடைக்காரர் வெடித்த டயரைப் புரட்டிப் பார்த்தார். தேய்மானமே இல்லை. பள்ளங்கள் எல்லாம் புத்தம் புதிதாக இருந்தன. ஆனால் மேல்தோல் மட்டும் பலாப்பழத்துத் தோலை உரித்தாற்போல் தனியாகக் கழன்று வந்திருந்தது.

"எப்ப வாங்கினீங்க சார்?"

"போன வருஷம்தான். புது டயர்."

அவர் சிரித்துவிட்டு டயரின் பக்கவாட்டில் எச்சிலைத் தொட்டுத் துடைத்தார். நீள்வட்டக் கட்டம் ஒன்றுக்குள் 1411 என்று நான்கு எண்கள் இருந்தன.

"பதினாலாவது வாரம், 2011ஆம் வருஷம். அன்னிக்குப் பிறந்தது இது. கடையிலேயே ஏழு வருஷம் தூங்கியிருக்கு. பாப்பாவுக்கு என்ன வயசு?"

"ஆறு."

"டயர் பாப்பாவுக்கு அக்கா சார்."

எனக்கு அந்த டயரை விற்ற கடை எது என்று இங்கே சொல்லப் போவதில்லை. விலையில் நூற்றுக்குப் பதினைந்து குறைத்துக் கொடுத்தார்களே என்று மகிழ்ந்து, ஒன்றுக்கு இரண்டாக ஜோடி வாங்கி வந்தவன் நான். குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. அந்த ஜோடியில் மற்றொன்றை என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று முதல் எனக்கு டயர்ப் பைத்தியம் பிடித்தது. சரித்திர நாவலுக்காகச் செப்பேடுகளைப் படித்த கண்களால் டயர் எழுத்துக்களைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, நம் வண்டிக்கு அடியில் சுழலும் அந்தக் கறுப்பு வளையத்துக்குள் பல ராஜ்யங்களின் கதை அடங்கியிருப்பது தெரிய வந்தது.

முதலில் அந்த 'வல்கனைசிங்' சமாசாரத்தைப் பார்ப்போம். வல்கன் என்பவன் ரோமாபுரியின் அக்கினி தேவன். ரப்பர் மரத்துப் பாலை உறைய வைத்தால் கிடைக்கும் பச்சை ரப்பர் எதற்கும் உதவாத பொருள். வெயிலில் பிசினாக ஒழுகும். குளிரில் ஓடாக விறைக்கும். அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்ற ஓர் ஆசாமி இதைத் திருத்தியே தீருவது என்று புறப்பட்டார். வீட்டில் அடுப்பு எரியவில்லை. கடன்காரர்கள் அவரைப் பலமுறை சிறையில் தள்ளினார்கள். தபால் இலாகாவுக்காக அவர் செய்த ரப்பர்ப் பைகள் கோடையில் உருகிக் கூழாயின. மனிதர் விடவில்லை. 1839இல் ஒரு நாள் கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பின் மேல் பட்டது. உருகவில்லை, தோல் போலக் கருகி உறுதியாயிற்று. கந்தகமும் நெருப்பும் சேர்ந்தால் ரப்பர் நிலைக்கும் என்ற ரகசியம் வெளிப்பட்டது. 1844இல் அமெரிக்காவில் உரிமைப் பட்டயமும் கிடைத்தது. பணம் மட்டும் கிடைக்கவில்லை. 1860இல் அவர் இறந்தபோது ஏறக்குறைய இரண்டு லட்சம் டாலர் கடன் இருந்தது. அவர் பெயரைத் தாங்கிய டயர்க் கம்பெனி 1898இல் தோன்றியது. அதற்கும் அவர் குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மரியாதைக்காக வைத்த பெயர்!

டயரின் கதையில் இப்படித்தான். கண்டுபிடித்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் இன்னொருவர், பணம் பெற்றவர் மூன்றாமவர். காற்று டயரைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் டன்லப் என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். ஆனால் டன்லப் குழந்தையாயிருந்த காலத்திலேயே, 1845இல், ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்து வாலிபர் காற்று டயருக்குப் பட்டயம் வாங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 23. 1847இல் லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் குதிரை வண்டியில் அதைப் பூட்டிக் காட்டினார். உள்ளே ரப்பர் பூசிய துணிக் குழாய், வெளியே தோல் உறை. அப்படிப்பட்ட ஒரு செட் சக்கரம் 1,200 மைல் ஓடியதாம். சத்தமில்லாமல் வண்டி வந்ததைக் கண்டு ஜனங்கள் அதிசயித்தார்கள். வாங்கத்தான் ஆள் இல்லை. காரும் இல்லாத, சைக்கிளும் இல்லாத உலகத்தில் அவர் டயரைச் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். காலத்துக்கு முன்னால் வருகிறவனுடைய கதி ரயிலுக்கு முன்னால் ஸ்டேஷனுக்கு வருகிறவனுடைய கதியைவிட மோசம். இவன் ஏற வேண்டிய ரயில் சில சமயம் நாற்பது வருஷம் கழித்து வருகிறது.

அந்த ரயில் 1887இல் வந்தது. பெல்பாஸ்ட் நகரத்தில் மாட்டு வைத்தியம், குதிரை வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் சின்ன மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் கல் பாவிய தெருவில் தடதடப்பதைப் பார்த்தார். ரப்பர்க் குழாயை வளைத்து ஒட்டினார்; கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் ஊதினார்; சக்கரத்தில் துணி சுற்றிக் கட்டினார். தாம்ஸன் என்று ஒருவர் இருந்ததே அவருக்குத் தெரியாது. 1889இல் பெல்பாஸ்ட் பந்தயத்தில் வில்லி ஹ்யூம் என்பவர் இந்த டயருடன் வந்தபோது கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. பந்தயம் முடிந்தபோது சிரிப்பு அடங்கிற்று. தோற்ற பிள்ளைகளின் தகப்பனாரான டியூ கிராஸ் என்பவர் வியாபார மூளை உள்ளவர். டன்லப்பைத் தேடி வந்து கம்பெனி ஆரம்பித்தார். அடுத்த வருஷமே தாம்ஸனுடைய பழைய பட்டயம் யார் கண்ணிலோ பட, டன்லப்பின் பட்டயம் செல்லாமற் போயிற்று. டன்லப் சில வருஷங்களில் கம்பெனியை விட்டே விலகினார். பெயரை மட்டும் அவரால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. அது நம் நாட்டிலே ஹூக்ளி நதிக்கரையில் சாகாகஞ்ச் வரைக்கும், பிறகு நம் அம்பத்தூர் வரைக்கும் வந்து தொழிற்சாலை வாசலில் நின்றது.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துக்கொண்டே படிக்கக்கூடிய கதை. இனி வருவது அப்படியல்ல.

1890களில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சைக்கிள் மோகத்தில் ஆழ்ந்தன. காற்று டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பர் எங்கே? அமேசான் காட்டிலும் ஆப்பிரிக்காவின் காங்கோ காட்டிலும். காங்கோ அப்போது ஒரு தேசமல்ல. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபால்டின் சொந்தச் சொத்து. காட்டுக் கொடியிலிருந்து இத்தனை எடை ரப்பர் கொண்டு வர வேண்டும் என்று ஒவ்வொரு கிராமத்துக்கும் கணக்கு விதித்தார்கள். கொண்டு வரும்வரையில் பெண்களைப் பிணையாகப் பிடித்து அடைத்தார்கள். கணக்குக் குறைந்தால் சுட்டார்கள். தோட்டா வீணாகவில்லை என்பதற்குச் சாட்சியாகச் சிப்பாய்கள் வெட்டப்பட்ட கைகளைக் கூடையில் கொண்டு வந்து காட்டினார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ரோஜர் கேஸ்மண்ட் நேரில் போய்ப் பார்த்து எழுதிய அறிக்கை 1904இல் வெளியாயிற்று. 1908இல் மன்னர் கையிலிருந்து காங்கோ பிடுங்கப்பட்டது. கேஸ்மண்டுக்கு 1911இல் பிரிட்டிஷ் அரசாங்கம் சர் பட்டம் கொடுத்தது. 1916இல், அயர்லாந்தின் விடுதலைக்காக முயன்ற குற்றத்துக்காக, அதே அரசாங்கம் அவரைத் தூக்கிலிட்டது. அவரைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் எழுதலாம்.

காட்டு ரப்பரின் கொடுமை தணிந்ததற்கு அறிக்கை ஒரு காரணம்; தோட்ட ரப்பர் வந்தது இன்னொரு காரணம். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேஸிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்தில் சேர்த்தார். முளைத்தவை சில ஆயிரம்கூடத் தேறவில்லை. பெரும்பகுதி நாற்றுகள் இலங்கைக்குப் போய் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வளர்ந்தன. அடுத்த வருஷம் சிங்கப்பூருக்கு வந்தவை வெறும் 22. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பாலெடுக்கும் வித்தையைக் கண்டு, சட்டைப் பையில் விதைகளை நிரப்பிக்கொண்டு, எதிர்ப்பட்ட தோட்ட முதலாளிகளிடமெல்லாம் 'நடு, நடு' என்று கெஞ்சினார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று அவர்கள் பெயர் வைத்தார்கள். மோட்டார் கார் வந்தபோது அந்தப் பைத்தியத்தினால் கோடீசுவரர் ஆனார்கள். ரிட்லி நூறு வயது தாண்டி வாழ்ந்து 1956இல்தான் காலமானார்.

முதலாளிகள் மரம் நட்டார்கள் என்று எழுதுகிறோம். நட்ட கைகள் யாருடையவை? நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம்மவர்களுடைய கைகள்தாம். கங்காணி ஊருக்கு வந்து, அங்கே தேங்காயும் மாசியும் மலிவு என்று கதை சொல்லி, முன்பணம் கொடுத்து அழைத்துப் போவார். விடியுமுன் இருட்டிலே பெரட்டு. பெயர் கூப்பிட்டதும் உளியும் வாளியுமாக மரத்துக்கு ஓட வேண்டும். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாகச் சுரக்கும், வெயில் ஏறினால் நின்றுவிடும். மரத்துக்கு மரம் ஒரு மங்கு. லயத்திலே ஓர் அறை.

என் பாட்டனாரின் தம்பி அப்படிப் போனவர். சின்னத் தாத்தா என்று நாங்கள் சொல்லுவோம், நான் பார்த்ததில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் இரண்டு வருஷம் மழை பொய்த்ததும் போனாராம். மாதம் ஒரு மணியார்டர், தீபாவளிக்கு ஒரு கடிதம். ஒரு கடிதத்தில், 'இங்கே இருந்து போகும் பாலில்தான் உலகத்து மோட்டாரெல்லாம் ஓடுகிறதாம். நான் இன்னும் மோட்டாரில் ஏறவில்லை' என்று எழுதியிருந்ததைப் பாட்டி வாய்ப்பாடு போல ஒப்பிப்பாள்.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அதற்கு முன்பே, ஜனவரியிலேயே, அமெரிக்கா டயருக்கு ரேஷன் வைத்துவிட்டது. அந்த யுத்தத்தில் அமெரிக்கர்களுக்கு முதன்முதலில் ரேஷன் வந்த பொருள் சர்க்கரையல்ல, பெட்ரோலல்ல, டயர்! தேய்மானத்தைக் குறைப்பதற்காக மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது என்றும் உத்தரவு போட்டார்கள். பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பரை அவசர அவசரமாகச் செய்து தள்ளினார்கள். இன்றைய கார் டயரிலே இயற்கை ரப்பரும் செயற்கை ரப்பரும் கலந்திருப்பது அந்த அவசரத்தின் பிள்ளை.

மலாய்த் தோட்டங்களில் என்ன நடந்தது? வாங்க ஆளில்லாமல் பால் வெட்டு நின்றது. அரிசி இல்லை. சும்மா இருந்த தமிழர்களைக் கூலி தருவதாகச் சொல்லியும் லாரியில் பிடித்துப் போட்டும் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போட ஜப்பானியர் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்கு அங்கே வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்க் கணக்குகூடக் கிடையாது. சின்னத் தாத்தாவின் கடைசிக் கடிதம் 1941 தீபாவளிக்கு வந்தது. பாட்டி 1970 வரையில் தீபாவளிதோறும் தபால்காரரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகட்டும். டயர் வாங்கும் விஷயத்துக்கு வருவோம்.

உளுந்தூர்ப்பேட்டைக்குப் பிறகு வாங்கிய டயர்களும் தேய்ந்து, இந்த வருஷம் மாற்றும் வேளை வந்தது. இந்தத் தடவை என் மெக்கானிக் பாயைக் கையோடு அழைத்துக்கொண்டு போனேன். அவர் என்னைவிடப் பத்து வயது சிறியவர். அறிவிலே நூறு வயது பெரியவர்.

கடைப் பையன், "அகலமான டயர் போடுங்க சார், வண்டி கும்முனு இருக்கும்" என்றான். பாய் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கம்பெனிக்காரன் என்ன எழுதியிருக்கானோ அதைப் போடுங்க. கதவைத் திறந்தா தூண்லே ஒட்டியிருக்கான் பாருங்க."

ஒட்டியிருந்தது: 165/80 ஆர் 14. செப்பேட்டைப் படிப்பது போலப் படித்தேன். 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு பக்கச் சுவரின் உயரம். 14 என்பது இரும்புச் சக்கரத்தின் அங்குலக் கணக்கு. ஒரே வரியில் மில்லிமீட்டரும் அங்குலமும் சம்பந்தி வீட்டார் போலச் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள்! பிறகு 85 டி. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ சுமக்கும். டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை தாங்கும். இந்த இரண்டிலும் கார்க் கம்பெனி சொன்னதற்குக் கீழே இறங்கக்கூடாது.

நடுவில் இருக்கும் 'ஆர்' என்ற எழுத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. பழைய அம்பாஸடர், பியட் டயர்களின் உள்ளே நூல்கள் நாடாக் கட்டில் பின்னல் மாதிரி குறுக்கும் மறுக்குமாக ஓடின. வளையும்போது பின்னல் நூல்கள் ஒன்றையொன்று உரசிச் சூடாகும். பிரான்ஸில் மிஷெலின் கம்பெனி 1946இல் வேறு வழிக்குப் பட்டயம் வாங்கிற்று: நூல்களை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடவிட்டு, மேலே எஃகுக் கம்பிப் பட்டையால் ஒட்டியாணம் கட்டினார்கள். அதுதான் ரேடியல். 1949இல் விற்பனைக்கு வந்தது. இரு மடங்கு உழைத்தது. ஆனால் ஒட்டியாணம் கழன்றால் ஆபத்து. 2000ஆம் வருஷம் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைத்த விவகாரம் இதுதான்; மேல்தோல் பிரிந்து வண்டிகள் உருண்டு, இருநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காற்றுக் குறைவு, வெயில், வேகம் மூன்றும் சேர்ந்தால் கழன்று போகும் என்பது அந்த விசாரணையில் ஊரறிய வெளிப்பட்டது. நான்காவதாக வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காற்றுப் பட்டு மூப்படைகிறது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம் பரிசோதிக்க வேண்டும். பத்து வருஷமானால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் தூக்கி எறிய வேண்டும்.

எனக்கு முன் டயர் இரண்டும் இன்னும் பாதி உயிரோடு இருந்தன. பின் டயர் இரண்டும் தேய்மானக் கட்டையைத் தொட்டுவிட்டன. அதாவது, பள்ளத்துக்குள் குறுக்கே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு சின்ன வரப்பு இருக்கும். மேல்தோல் அதற்குச் சமமானால் டயரின் ஆயுசு முடிந்தது. ஆகவே இரண்டு புது டயர் போதும். நான் சொன்னேன்: "பாய், புதுசை முன்னால் போட்டு, முன்னால் இருப்பதைப் பின்னால் தள்ளிவிடலாம். முன் சக்கரம்தானே இழுக்கிறது, திருப்புகிறது?"

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க. புதுசு பின்னாலேதான் போகணும்."

"ஏன்?"

"மழையிலே முன் சக்கரம் வழுக்கினா ஸ்டீரிங் உங்களுக்குச் சொல்லும். காலை எடுத்தா அடங்கிடும். பின் சக்கரம் வழுக்கினா யார் சொல்லுவா? வண்டி திரும்பி நின்ன அப்புறம்தான் தெரியும். உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிந்ததுதான். அரளிச் செடி ஞாபகம் வந்தது.

காசு கட்டும் இடத்தில் கடைப் பையன் கடைசி முயற்சியாக நைட்ரஜன் நிரப்பலாம் என்றான். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் இருக்கிறது என்று சொல்லி அதை மறுத்துவிட்டேன். எனக்கு அன்று கிடைத்த ஒரே வெற்றி அதுதான்.

"ஸ்டெப்னி எப்படி இருக்கு?" என்றார் பாய்.

ஸ்டெப்னி! இந்த வார்த்தைக்காகவே நான் வேல்ஸ் தேசத்துக்குப் போய்விட்டு வரலாம் என்றிருக்கிறேன். ஆதிகாலக் கார்களுக்கு மாற்றுச் சக்கரமே கிடையாது. 1904இல் வேல்ஸில் லனெத்லி என்ற ஊரில், இரும்புக் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்துப் பூட்டிக்கொள்ளும்படி ஓர் உபரிச் சக்கரம் செய்தார்கள். கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. இங்கிலாந்தில் அந்தப் பெயரை மறந்துவிட்டார்கள். நம் நாட்டு லாரி டிரைவர்கள் மறக்கவில்லை.

"ஸ்டெப்னி நன்றாகத்தான் இருக்கிறது. ஓடவே இல்லை" என்றேன்.

பாய் டிக்கியைத் திறந்தார். கோணிப்பை, குடை, பேத்தியின் பழைய பந்து எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தார். விரிப்பைத் தூக்கினார். டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நானும் குனிந்து பார்த்தேன். பள்ளங்கள் புத்தம் புதிதாக இருந்தன. நீள்வட்டக் கட்டத்துக்குள் 1411.

வெடித்ததன் ஜோடி. தேயவில்லையே, எறிவானேன் என்று நானேதான் 2019இல் அங்கே படுக்க வைத்தேன். இத்தனை வருஷம் பேத்தியை ஏற்றிக்கொண்டு மதுரைக்கும் திருச்சிக்கும் அதன்மேல் உட்கார்ந்து போய் வந்திருக்கிறோம்.

"தம்பி, இன்னொண்ணு எடு" என்று பாய் கடைப் பையனிடம் சொன்னார்.

மூன்றாவது டயர் உருண்டு வந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதன் நான்கு எண்களையும் நானே படித்தேன். பிறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.